கொட்டகையில் பனிக்கட்டி இருக்கும்வரை

பாலம் இல்லாத ஓர் அமெரிக்கத் தீவில் எங்கே சாப்பிடுவது, எதைச் சாப்பிடுவது, அந்தச் சாப்பாடு யாரால் பிழைத்துக் கிடக்கிறது?

ஓக்ரகோக் தீவின் சில்வர் லேக் துறைமுகத்தில் தண்ணீரை ஒட்டி ஒரு கொட்டகை நிற்கிறது. பார்வைக்கு எடுப்பானதல்ல. முன்பக்கம் சில்லறை மீன்கடை; நொறுக்கிய பனிக்கட்டியின் மேல் அன்றைக்கு வந்த மீன், இறால், மட்டி. பின்பக்கம் படகுகள் அணையும் மேடை. காயலிலிருந்து திரும்புகிறவர்கள் இங்கேதான் கூடைகளை இறக்குகிறார்கள். எடை போட்டு, பெட்டிகளில் பனிக்கட்டியோடு அடுக்கி, ஒரு பங்கு ஊர் உணவகங்களுக்குப் போகிறது. மீதி லாரியில் ஏறி, ஃபெர்ரி வழியாக வெளியூர்ச் சந்தைக்குப் போகிறது.

ஓக்ரகோக் தீவுக்கு விடுமுறைக்கு வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "இங்கே எங்கே நன்றாகச் சாப்பிடலாம்?" என்பதுதான். உணவகங்களின் பட்டியல் எங்கும் கிடைக்கும். ஆனால் சிறு தீவில் கடைகள் கைமாறும், இடம் மாறும், ஒரு புயலுக்குப் பிறகு திறக்காமலே போகும். போன ஆண்டு நண்பர் சொன்ன கடை இந்த ஆண்டு இருக்குமா என்பது உறுதியில்லை. அதனால் இந்தத் தீவில் சாப்பாட்டுத் தேடலைக் கொட்டகையிலிருந்து தொடங்குவதே சரி. பனிக்கட்டியின் மேல் என்ன கிடக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டால், இரவு எந்த மேசையில் உட்கார்ந்தாலும் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலக் கரைக்கு வெளியே, பெருநிலத்துக்கும் அட்லான்டிக் கடலுக்கும் நடுவில் மணல் தீவுகள் ஒரு சங்கிலிபோல நீண்டு கிடக்கின்றன. அலைகளும் காற்றும் மணலைச் சேர்த்துச் சேர்த்து எழுப்பிய இவற்றைத் தடுப்புத் தீவுகள் என்கிறார்கள். கடலின் அடியைத் தாங்கிக்கொண்டு பின்னால் இருக்கும் கரையைக் காப்பவை. அந்தச் சங்கிலியில் ஒன்று ஓக்ரகோக். நீளம் சுமார் 25 கிலோமீட்டர்; அகலமோ பல இடங்களில் ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கே நிரந்தரமாக வசித்தவர்கள் 797 பேர். ஊர் முழுவதும் தென்முனையில், துறைமுகத்தைச் சுற்றியே அடங்கிவிடுகிறது. மற்றதெல்லாம் கேப் ஹேட்டரஸ் தேசியக் கடற்கரை என்ற பெயரில் நடுவண் அரசின் பூங்கா நிலம். அங்கே வீடு இல்லை, விடுதி இல்லை, கடையும் இல்லை. 2007இலும் 2022இலும் அமெரிக்காவின் மிகச் சிறந்த கடற்கரை என்று 'டாக்டர் பீச்' பட்டியலில் முதலிடம் பெற்றது இங்குள்ள மணல்தான். காலையில் அங்கே குளிக்கப் போகிறவர் தண்ணீரும் ரொட்டியும் கையோடு எடுத்துப் போக வேண்டும். கடலோரத்தில் சுண்டல் விற்கும் பையன்களைத் தேடும் தமிழ்க் கண்களுக்கு இது முதல் ஏமாற்றம்.

பாலம் கிடையாது. ஹேட்டரஸ் தீவிலிருந்து வரும் கார் ஃபெர்ரிக்குக் கட்டணம் இல்லை. முன்பு 40 நிமிடத்தில் கடந்துவிடும். நடுவில் மணல் மேடிட்டதால் 2013 முதல் சுற்றுவழியில் போகிறது, ஒரு மணி நேரம் ஆகிறது. பெருநிலத்தின் சீடர் ஐலண்டிலிருந்தும் ஸ்வான் குவார்ட்டரிலிருந்தும் கட்டண ஃபெர்ரிகள் உண்டு. அவற்றில் வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். கோடையில் ஹேட்டரஸ் துறையில் கார்கள் நீண்ட வரிசையில் காத்துக் கிடக்கும். தீவில் இறங்கிய பிறகும் ஊர் வந்துசேர இன்னும் 20 கிலோமீட்டர் போக வேண்டும். ராலே, கேரி, சார்லட் பகுதிகளில் வசிக்கும் தமிழ்க் குடும்பங்கள் பலருக்கு இந்தக் கரை நீண்ட வார இறுதிப் பயணத்துக்கு எட்டும் தூரம். அவர்களுக்கு ஒரு யோசனை: புளிச்சோற்றுப் பொட்டலத்தை ஃபெர்ரி வரிசையிலேயே பிரித்துவிடுங்கள். ஊருக்குள் நுழையும்போது மதியச் சாப்பாட்டு நேரம் முடிந்திருக்கக்கூடும்.

2006: கதவு மூடிய நாள்

ரொட்டி, பால், காய்கறி, எண்ணெய், பீர் என்று இந்தத் தீவில் மேசைக்கு வரும் ஏறக்குறைய எல்லாமே லாரியில் ஏறி, ஃபெர்ரியில் கடல் தாண்டி வருகின்றன. காற்று பலமாக வீசி ஃபெர்ரி நின்றுபோனால் அலமாரிகள் காலியாகும். எதிர்த்திசையில் வெளியே போகும் ஒரே பொருள் மீன். அதனாலேயே மீன் கொட்டகை இந்த ஊருக்கு ஒரு கடை என்பதைவிடப் பெரியது.

2006இல் தீவில் எஞ்சியிருந்த கடைசிக் கொட்டகை மூடப்பட்டது. அமெரிக்கக் கிழக்குக் கரை நெடுகிலும் அந்த ஆண்டுகளில் நடந்த கதைதான் இது. துறைமுகத்தை ஒட்டிய நிலத்தின் விலை ஏறுகிறது; மீன் எடைபோடும் மேடையைவிட விடுமுறை வீடும் உல்லாசப் படகுத்துறையும் அதிக வருமானம் தருகின்றன; கொட்டகை விற்பனைக்கு வருகிறது. கொட்டகை இல்லையென்றால் மீனவருக்குப் பனிக்கட்டி இல்லை. பனிக்கட்டி இல்லையென்றால் கோடை வெயிலில் பிடித்த மீனை ஃபெர்ரி வரிசையில் நிறுத்தி வேறு ஊருக்குக் கொண்டுபோய் விற்க முடியாது. தொழிலையே விட வேண்டியதுதான்.

தீவின் மீனவர்கள் ஒன்றுகூடி 'ஓக்ரகோக் ஒர்க்கிங் வாட்டர்மென்ஸ் அசோசியேஷன்' என்ற சங்கத்தை அமைத்தார்கள். தீவிலேயே இயங்கிய ஓர் அறக்கட்டளை துணைக்கு வந்தது. மானியமும் நன்கொடையும் திரட்டப்பட்டன. கொட்டகை மீண்டும் திறந்தது. 'ஓக்ரகோக் சீஃபுட் கம்பெனி' என்ற பெயரில் அது இன்று மீனவர்களே நடத்தும் கொட்டகை. டிசம்பர் இறுதியில், சுற்றுலாக் கூட்டம் எல்லாம் போன பிறகு, அதே சங்கத்தார் துறைமுகத்தில் சிப்பி சுட்டு, இறால் அவித்து விருந்து வைக்கிறார்கள். ஊரார் கையில் ஆளுக்கொரு கத்தியோடு நின்றபடி சிப்பியைப் பிளந்து சாப்பிடுவார்கள். குளிர்காலத்தில் வருகிறவர்கள் குறைவு, திறந்திருக்கும் உணவகங்களும் குறைவு. ஆனாலும் அந்த ஒரு நாளுக்காக டிசம்பர்க் காற்றைப் பொறுத்துக்கொண்டு தீவில் தங்கலாம்.

பனிக்கட்டியின் மேல் என்ன கிடக்கிறது?

தீவுக்குப் பின்னால் விரிந்திருப்பது பாம்லிகோ காயல். அமெரிக்கக் கிழக்குக் கரையின் மிகப் பெரிய காயல் அது; நீளம் மட்டும் ஏறத்தாழ 130 கிலோமீட்டர். ஆறுகள் கொண்டுவரும் நன்னீரும் முகத்துவாரங்கள் வழியே நுழையும் கடல்நீரும் கலந்த இந்த ஆழமில்லாத தண்ணீரில்தான் நண்டும் இறாலும் குஞ்சு மீனும் வளர்கின்றன. தீவின் சமையலுக்கு அட்லான்டிக் முகம் என்றால், காயல் வயிறு.

ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் வருகிறவர்களுக்கு நண்டுதான் பரிசு. நீல நண்டு வளர்வதற்காகப் பழைய ஓட்டைக் கழற்றும். புதிய ஓடு இறுகுவதற்குச் சில மணி நேரம் ஆகும். அந்த இடைவெளியில் எடுத்தால் நண்டை ஓட்டோடு அப்படியே பொரித்து, ரொட்டிக்கு நடுவே வைத்துக் கடித்துச் சாப்பிடலாம். ஓடு கழற்றப்போகும் நண்டைக் கால் ஓரத்தில் தெரியும் நிறக்கோட்டைப் பார்த்தே மீனவர்கள் கண்டுபிடித்து, தொட்டிகளில் தனியே விட்டு, இரவும் பகலும் கண்காணிக்கிறார்கள். ஒரு நண்டு ஓட்டைக் கழற்றி வெளியே வந்தால் உடனே எடுக்க வேண்டும். தாமதித்தால் ஓடு இறுகிவிடும், அல்லது பக்கத்து நண்டு தின்றுவிடும். இந்தத் தூக்கமில்லாத வேலைக்குத்தான் உணவகத்தில் அத்தனை விலை.

கோடை தொடங்கும்போது பழுப்பு இறால், இலையுதிர்காலத்தில் வெள்ளை இறால். வசந்தத்தின் பின்பாதியிலிருந்து அக்டோபர்வரை ஸ்பானிஷ் மேக்ரல் என்ற மீன் வலைகளில் விழும். நம் வஞ்சிரத்தின் பேரினத்தைச் சேர்ந்தது; உருவத்தில் சிறியது, மேனியில் பொன்னிறப் புள்ளிகள். வஞ்சிரம் தின்று வளர்ந்த நாக்குக்கு இந்தத் தீவில் அந்நியமே தோன்றாத மீன் இதுதான். உணவகப் பட்டியலில் இதன் பெயர் கடைசியில் இருக்கலாம்; வெள்ளைச் சதை மீனுக்குப் பழகியவர்கள் இதைக் கேட்பதில்லை. விலையும் குறைவு, பிடித்த அன்றைக்கே சட்டிக்கு வருவதால் சுவையும் கூடுதல். தயங்காமல் கேட்கலாம்.

தட்டைமீனான ஃப்ளவுண்டர் விஷயத்தில் நிலைமை வேறு. ஒருகாலத்தில் இந்தக் கரையில் உணவகம் என்றாலே பொரித்த ஃப்ளவுண்டர்தான். காயலில் கழிகளை ஊன்றி, வலைச்சுவர் கட்டி, இலையுதிர்காலத்தில் கடலை நோக்கி நகரும் மீனை உள்ளே வழிநடத்திப் பிடிக்கும் பழைய முறை தீவில் இன்றும் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அளவுக்கு மீறிப் பிடித்ததில் மீன் வளம் சரிந்தது. 2019 செப்டம்பரில் மாநில அரசு அதன் பிடிப்பை நிறுத்தியது. அதன்பின் குறுகிய பருவங்கள் மட்டுமே திறக்கின்றன. 2024இல் பொழுதுபோக்குத் தூண்டில்காரர்களுக்கு அந்தப் பருவமே திறக்கவில்லை. ஆகவே ஜூலை மாதத்தில் தட்டில் ஃப்ளவுண்டர் வந்தால், "இது எங்கே பிடித்தது?" என்று பரிமாறுகிறவரிடம் கேட்பதில் தவறே இல்லை. அமெரிக்கர்கள் சாப்பிடும் கடலுணவில் பெரும்பகுதி இறக்குமதியாவது. கடற்கரை ஊர் உணவகம் என்பதால் இறால் கடற்கரையிலிருந்தே வந்திருக்கும் என்று நினைத்துவிட முடியாது. நேர்மையான உணவகத்தார் இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்க மாட்டார்கள். படகின் பெயரைக்கூடச் சொல்வார்கள்.

பால் சேராத சூப், மசித்த மீன்

இந்தத் தீவில் ஒரே ஒரு வேளை சாப்பிட வாய்த்தவர் என்றால், அவருக்கு மட்டி சூப். நியூ இங்கிலாந்துப் பக்கம் இதைப் பாலும் கிரீமும் விட்டுக் கெட்டியாக்குவார்கள். நியூயார்க்கில் தக்காளி சேர்ப்பார்கள். இங்கே இரண்டும் இல்லை. உப்பிட்ட பன்றிக் கொழுப்பை உருக்கி, வெங்காயம் வதக்கி, உருளைக்கிழங்கும் மட்டிச் சதையும் மட்டி விட்ட நீரும் சேர்த்துக் கொதிக்கவிடுவதோடு சரி. தெளிந்த ரசம்போல இருக்கும். மிளகு தூக்கலாக இருந்தால் நமக்கு இன்னும் நெருக்கம். இந்த எளிமைக்குக் காரணம் உண்டு. தீவுக்கு மின்சாரம் வந்தது 1938இல்தான். அதற்குமுன் பாலையும் இறைச்சியையும் கெடாமல் வைக்க வழியில்லை. கெடாமல் கிடைத்தவை உப்பிட்ட கொழுப்பும், படகில் வந்த உருளைக்கிழங்கும் சோளமாவும். மட்டியோ காயலின் மணலில், கால் நனைத்தால் எட்டும் தூரத்தில். இல்லாமையிலிருந்து பிறந்த சமையல் இது. இருக்கும் நான்கே பொருளும் சரியாக அமைந்தால் ஐந்தாவதைத் தேடத் தோன்றாது.

வீட்டுச் சமையலின் உச்சம் 'ஓல்டு ட்ரம்'. ட்ரம் என்பது நம் கத்தாழை மீனின் குடும்பம். நீருக்கடியில் பறை அடிப்பதுபோல ஒலி எழுப்புவதால் அந்தப் பெயர். வட கரோலினாவின் மாநிலக் கடல்மீன் என்ற தகுதியும் 1971 முதல் இந்தச் சிவப்பு ட்ரம்முக்கு உண்டு. மீனை அவிப்பார்கள், உருளைக்கிழங்கை அவிப்பார்கள், முட்டையை அவிப்பார்கள். பிறகு எல்லாவற்றையும் தட்டில் ஒன்றாக மசித்து, மேலே பச்சை வெங்காயத்தை நறுக்கித் தூவி, பொரித்த கொழுப்புத் துணுக்குகளை உருகிய கொழுப்போடு ஊற்றுவார்கள். பார்க்க அழகில்லாத சாப்பாடு. உணவகங்களில் அபூர்வமாகவே கிடைக்கும். தீவுக்காரர் வீட்டுக்கு அழைத்தால் போய்விட வேண்டும்.

பெயரில் 'ஓல்டு' இருப்பது சும்மா இல்லை. இந்த மீன் 60 ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடியது. 1984இல் பக்கத்து ஹேட்டரஸ் தீவின் ஏவன் கரையில் ஒருவர் தூண்டிலில் பிடித்த ட்ரம்தான் இன்றுவரை உலகச் சாதனை: 94 பவுண்டுக்குச் சற்று மேல், அதாவது 42 கிலோவுக்கும் அதிகம். அப்படிப்பட்ட கிழட்டு மீன்கள்தான் இனத்தைப் பெருக்குகின்றன என்பதால், 27 அங்குலத்துக்கு மேற்பட்ட ட்ரம்மைப் பிடித்தால் திரும்ப விட்டுவிட வேண்டும் என்பது இன்றைய சட்டம். ஆகவே இன்றைக்குச் சட்டியில் வேகும் 'ஓல்டு ட்ரம்' இளம் மீன். பெயர் மட்டும் பாட்டி காலத்தது.

தீவுக்காரர்களின் ஆங்கிலமும் அப்படித்தான், பழைய சொற்களைப் பத்திரமாக வைத்திருக்கிறது. வீட்டுத் திண்ணையை இங்கே 'பிசர்' என்பார்கள். இத்தாலியச் சொல்லான பியாட்சா தேய்ந்து வந்தது. வயிற்றைப் பிரட்டினால் 'குவாமிஷ்'. வெளியூர்க்காரர் 'டிங்பேட்டர்'. சுற்றுலாவும் தொலைக்காட்சியும் வந்தபின் இந்தப் பேச்சு தேய்ந்துகொண்டே வருகிறது என்று பல ஆண்டுகளாகப் பதிவுசெய்துவரும் மொழியியலாளர்கள் கவலைப்படுகிறார்கள். பிசரில் சாய்வு நாற்காலி போட்டு மாலைக் காற்று வாங்குவது மட்டும் குறையவில்லை.

ஊருக்குள் ஒரு சுற்று

சைக்கிள் ஒன்றை வாடகைக்கு எடுப்பது நல்லது. தெருக்கள் குறுகியவை, கார் நிறுத்த இடம் அரிது. கடலிலிருந்து ஊருக்குள் நுழையும் நெடுஞ்சாலை 12இன் மேலேயே 'ஹவார்ட்ஸ் பப்' இருக்கிறது. கொசுவலை அடித்த நீண்ட தாழ்வாரம், குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு நெருக்கடியில்லாத இடம், அவசரமில்லாத மதியச் சாப்பாடு. துறைமுகத்தின் படகுத்துறையிலேயே இருப்பது 'ஸ்மாக்நாலிஸ்'. வாடகைப் படகில் மீன்பிடிக்கப் போனவர்கள் திரும்பி வந்து பிடித்ததைத் துறையில் வெட்டிச் சுத்தம் செய்வதைப் பார்த்துக்கொண்டே இறால் உரிக்கலாம். மாலை வெயில் சாயும் நேரத்துக்கு அதைவிட நல்ல இருக்கை ஊரில் இல்லை. நிதானமான இரவுச் சாப்பாட்டுக்கு மரங்களுக்குள் ஒதுங்கிய 'பேக் போர்ச்' நெடுநாள் பெயர் பெற்றது, குறிப்பாக நண்டுக்கு. நியூ ஆர்லியன்ஸ் வாசம் வேண்டுவோருக்கு 'ஃப்ளையிங் மெலன்'. உள்ளூர் பீர் வடிக்கும் '1718 ப்ரூயிங்'கின் பெயரில் இருக்கும் ஆண்டு, கடற்கொள்ளையன் பிளாக்பியர்ட் கொல்லப்பட்ட ஆண்டு. அவ்வருடம் நவம்பர் 22 அன்று இந்தத் தீவுக்கு அருகேதான் லெப்டினன்ட் ராபர்ட் மேனார்டின் ஆட்களோடு சண்டையிட்டு அவன் மடிந்தான். அதற்குச் சில வாரங்கள் முன்புதான் சார்லஸ் வேன் என்ற இன்னொரு கொள்ளையனோடு இதே மணலில் நாள்கணக்கில் விருந்து நடத்தியிருந்தான்.

பெயர் சொன்ன கடைகள் எல்லாமே எல்லா நாளும் திறந்திருப்பதில்லை. ஈஸ்டரை ஒட்டித் திறந்து, நவம்பர் கடைசியில் நன்றியறிதல் நாளோடு மூடுவது பலருடைய வழக்கம். கோடையிலும் வாரத்தில் ஓரிரு நாள் விடுமுறை உண்டு, ஏனென்றால் வேலைக்கு ஆள் கிடைப்பது அவ்வளவு கடினம். பணியாளர் தங்குவதற்கு வீடு வேண்டும். தீவில் வாடகைக்கு விடக்கூடிய வீடெல்லாம் வாரக் கணக்கில் சுற்றுலாக்காரர்களுக்குப் போய்விடுகிறது. சாப்பாடு வரத் தாமதமானால் சமையலறைக்குள் எத்தனை கைகள் இருக்கின்றன என்பதை நினைத்துப் பொறுத்துக்கொள்வது நல்லது.

அந்தக் கைகளில் பல மெக்சிகோவிலிருந்து வந்தவை. கடந்த சில பத்தாண்டுகளில் வேலை தேடி வந்த குடும்பங்கள் இங்கேயே தங்கி, பிள்ளைகளைத் தீவின் ஒரே பள்ளியில் சேர்த்து, ஊரின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டன. 'எட்வர்டோஸ் டாக்கோ ஸ்டாண்ட்' சிறு வண்டிக்கடையாகத் தொடங்கியது. காலையிலிருந்தே வரிசை நிற்கும். காயலில் பிடித்த மீனும் இறாலும் சோள அடையில் மடித்து, எலுமிச்சை பிழிந்து, பச்சைமிளகாய்ச் சாறோடு கைக்கு வரும். காரம் தேடி ஏங்கிய இந்திய நாக்கு தீவில் முதலில் நிமிர்வது இங்கேதான். பழைய தீவுச் சமையலில் மிளகாய்க்கு இடமில்லை. இன்றைய தீவுச் சமையலில் இருக்கிறது. பழைய மட்டி சூப்பைப் போலவே இந்த டாக்கோவும் இப்போது ஓக்ரகோக் உணவுதான் என்று தயங்காமல் சொல்லலாம்.

இனிப்புக்கு அத்திப்பழம். உப்புக் காற்றும் மணலும் பல மரங்களைக் கொல்லும். அத்தி மட்டும் இந்த மண்ணில் செழிக்கிறது. வேர்ப்பக்கம் சிப்பி ஓடுகளைக் கொட்டி வைப்பார்கள், சுண்ணாம்புச் சத்துக்காக. வீட்டுக்கு வீடு மரம், மரத்துக்கு மரம் வேறு ரகம். ஆகஸ்டில் பழுத்துக் கொட்டும் பழங்களைச் சர்க்கரையில் காய்ச்சிப் புட்டியில் அடைப்பார்கள். 1964இல் தீவுப் பெண்மணி ஒருவர் பேரீச்சம்பழக் கேக் செய்யத் தொடங்கி, பேரீச்சை இல்லாததால் புட்டியிலிருந்த அத்தியைக் கொட்டிக் கிளறினார் என்பதுதான் அத்திக் கேக் பிறந்த கதையாக ஊரில் சொல்லப்படுவது. மோரும், பட்டையும் கிராம்பும், கொட்டைப் பருப்பும் சேர்ந்த அந்தக் கேக் இன்று தீவின் அடையாளம். ஆகஸ்ட் மாத அத்தித் திருவிழாவில் கேக் போட்டியே நடக்கிறது: மரபுவழிச் செய்முறைக்கு ஒரு பரிசு, புதுமைக்கு ஒரு பரிசு. மற்ற மாதங்களில் வருகிறவர்கள் காப்பிக்கடைகளில் ஒரு துண்டும், கடைகளில் புட்டியும் வாங்கிக்கொள்ளலாம்.

காப்பி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. காப்பியும் தேயிலையும் எட்டாக் கனியாக இருந்த காலத்தில் தீவுக்காரர்கள் குடித்தது யோப்பான் என்ற புதர்ச்செடியின் இலைச்சாறு. வட அமெரிக்காவில் இயல்பாக வளரும், காஃபீன் உள்ள மிகச் சில செடிகளில் ஒன்று. தென் அமெரிக்காவின் மாத்தே பானத்துக்கு உறவு. பூங்கா நிலத்தின் புதர்க்காடு முழுக்க இன்றும் அது வளர்கிறது, சிவந்த காய்களோடு.

விளக்கு அணைந்தபோது

தீவில் சாப்பிடுவது எத்தனை மெல்லிய கயிற்றில் தொங்குகிறது என்பதை இரண்டு நிகழ்வுகள் காட்டின. 2017 ஜூலை 27 அன்று, வடக்கே பாலம் கட்டும் பணியின்போது இரும்புக் குழாய் ஒன்று நிலத்தடி மின்கம்பியை அறுத்துவிட்டது. ஹேட்டரஸும் ஓக்ரகோக்கும் இருண்டன. பருவத்தின் உச்சம் அது. ஏறத்தாழ 50,000 சுற்றுலாப் பயணிகள் இரு தீவுகளையும் விட்டு வெளியேற்றப்பட்டார்கள். மின்சாரம் முழுமையாகத் திரும்ப ஒரு வாரம் ஆனது. ஆண்டு முழுவதும் சாப்பிடுவதற்கு அந்தக் கோடை வாரங்களில் சம்பாதிக்கும் உணவகத்துக்கு ஒரு வாரம் என்பது சிறிய கணக்கல்ல.

இரண்டாவது, டோரியன் புயல். 2019 செப்டம்பர் 6 காலை. தாக்கியது கடல் பக்கமிருந்து இல்லை. காற்று திசை திரும்பியதும் பாம்லிகோ காயலில் குவிந்திருந்த நீர் ஊருக்குள் பாய்ந்தது. சுமார் ஏழு அடி உயரத்துக்குத் தண்ணீர்; அத்தனை வேகமாக ஏறியதில் சிலர் மாடிப்பரணில் ஏறித் தப்பினார்கள். குளிர்பெட்டிகள் மிதந்தன. பள்ளி, கடைகள், உணவகங்கள், வீடுகள் என்று பெரும்பாலானவை தப்பவில்லை. பின்வந்த நாட்களில் ஊரின் சாப்பாட்டு மேசை தன்னார்வத் தீயணைப்பு நிலையம்தான். உணவகம் நடத்தியவரும், அங்கே பாத்திரம் கழுவியவரும், மீனவரும், ஆசிரியரும் ஒரே வரிசையில் நின்று சூடான சாப்பாட்டுத் தட்டை வாங்கினார்கள். சுற்றுலாப் பயணிகளுக்குத் தீவு மறுபடி திறந்தது டிசம்பர் மாதம். நிமிர்வதற்குள் கோவிட் வந்து, 2020 மார்ச்சில் இருந்து மே வரை மீண்டும் மூடல். சில கடைகள் திரும்பவேயில்லை. திரும்பியவற்றில் பல இப்போது உயரமான தூண்களின் மேல் நிற்கின்றன. படியேறிப் போய்ச் சாப்பிட வேண்டியிருப்பது அழகுக்காகக் கட்டியதால் அல்ல.

தங்கும் வீடுகள் பெரும்பாலும் சமையலறையோடு வாரக் கணக்கில் வாடகைக்குக் கிடைக்கின்றன என்பதால், தீவின் மிகச் சிறந்த உணவகம் வாடகை வீட்டு அடுப்பாகவும் இருக்கலாம். மஞ்சளும் மிளகாய்த்தூளும் புளியும் வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போக வேண்டும். கொட்டகையில் ஸ்பானிஷ் மேக்ரலைக் கேட்டால் துண்டு போட்டே தருவார்கள். தலையும் முள்ளும் வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்ல வேண்டும், இல்லையென்றால் சதையை மட்டும் சீவி எடுத்துவிடுவார்கள். மட்டியை நீங்களே தோண்டலாம். காயல் பக்கத்து மணல்திட்டில், அலை வற்றிய நேரம், சிறு வாரியால் கிளறினால் 'டக்' என்று தட்டுப்படும். ஆளுக்கு ஒரு நாளைக்கு நூறுவரை, ஒரு அங்குலத்துக்குக் குறையாத தடிமன் உள்ளவை மட்டும் என்பது விதி. மழைக்குப் பிறகு சில பகுதிகளில் எடுக்கத் தடை விதிக்கப்படும். அந்த அறிவிப்பைப் பார்த்துவிட்டே இறங்க வேண்டும்; உயிரோடு விளையாடும் விஷயம்.

சைவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இந்தக் கரையின் பழைய சமையலில் கீரைக்குக்கூடப் பன்றிக் கொழுப்பு போட்டுத்தான் வதக்குவார்கள். காலர்ட் கீரை, பயறு, சில இடங்களில் சோளரொட்டிகூட அப்படித்தான். "இறைச்சி இருக்கிறதா?" என்று கேட்டால் போதாது, "கொழுப்பு சேர்த்ததா?" என்றே கேட்க வேண்டும். டாக்கோ கடையும் காப்பிக்கடைகளும் கைகொடுக்கும். மற்ற வேளைக்கு ஊர்க் கடையில் அரிசியும் காய்கறியும் வாங்கி வீட்டில் சமைப்பதே நிம்மதி. காய்கறி வாங்க, லாரி வந்திறங்கிய நாளில் போக வேண்டும். எது அந்த நாள் என்று கடையில் கேட்டால் சொல்வார்கள்.

புறப்படும் நாளில் பெரிய குளிர்ப்பெட்டியோடு கொட்டகைக்கு வருகிறவர்கள் அதிகம். பெட்டிக்கு அடியில் பனிக்கட்டி, அதன்மேல் இறால், மேலே மறுபடி பனிக்கட்டி. ஃபெர்ரித் துறையில் கார்கள் வரிசையில் நிற்கும். சைக்கிள் கட்டிய கூரைகள், மணல் ஒட்டிய கால்கள், பின்னிருக்கையில் தூங்கிவிட்ட குழந்தைகள். கொடி அசைந்ததும் ஒவ்வொன்றாகத் தளத்தில் ஏறும். அந்தக் கார்களுக்கு நடுவே, அடியில் உருகிய நீர் சொட்டச் சொட்ட, கொட்டகையின் மீன் லாரியும் ஏறும்.